காட்டோரக் காய்ச்சல்: குரங்குகளோடு வாழ்வோருக்கான வைரஸ் பரிசோதனை



சென்னையின் மேற்குப் புறநகரான நூம்பலுக்குப் பக்கத்தில் ஓடும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வெள்ளிக்கிழமை இரவு மேற்கே போகும் கார்களில் சில, ஸ்ரீபெரும்புதூரையும் பெங்களூரையும் தாண்டி, மறுநாள் பந்திப்பூரிலோ முதுமலையிலோ போய் நிற்கும். குடும்பம் இரண்டு நாள் காட்டோரத்தில் தங்கிவிட்டுத் திரும்பும். அடுத்த வாரம் வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று கடுங்காய்ச்சல், நெற்றியைப் பிளக்கும் தலைவலி, இடுப்பும் கெண்டைக்காலும் முறிந்துபோவதுபோல் வலி. வேலப்பன்சாவடியிலோ திருவேற்காட்டிலோ உள்ள மருத்துவர் இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பதைப் பார்ப்பார். டெங்கு என்று சந்தேகிப்பார். சென்னையின் மேற்குப் புறநகரில் மழைக்காலம் முடிந்த கையோடு வரும் காய்ச்சலுக்கு அது நியாயமான சந்தேகம்தான். டெங்கு இல்லை என்று முடிவு வந்த பிறகு அவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. காட்டுப் பக்கம் போயிருந்தீர்களா? உண்ணி கடித்ததா? செத்த குரங்கு எதையாவது பார்த்தீர்களா?

இரண்டு நாள் சுற்றுலா போய்வந்தவருக்கு ஆபத்து மிகக் குறைவு. அதே காட்டில் ஆண்டு முழுவதும் நடப்பவர்கள் இருக்கிறார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர், மாடு மேய்ப்பவர், விறகும் சருகும் பொறுக்குபவர், தேன் எடுக்கும் காட்டுநாயக்கர், யானை முகாமின் பாகன், காட்டுயிர் மருத்துவர், விலங்குக் காட்சிச்சாலைப் பணியாளர் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். குரங்கிடமிருந்தோ, குரங்கைக் கடித்த உண்ணியிடமிருந்தோ மனிதருக்கு வரும் வைரஸ்களை முதலில் எதிர்கொள்வது இவர்களுடைய உடம்பு. அந்த உடம்பை யார், எப்போது, எந்த முறையில் பரிசோதிக்கிறார்கள், முடிவை யாரிடம் சொல்கிறார்கள் என்பதே இந்த உரையின் பொருள்.

1. கியாசனூர், 1957

அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், சொரப், சாகர் வட்டாரக் காடுகளில் 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குரங்குகள் கூட்டமாகச் செத்து விழுந்தன. கருமுக மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் அவற்றில் இருந்தன. அதே வேளையில் காட்டை ஒட்டிய ஊர்களில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல் பரவியது. குடற்காய்ச்சலாக இருக்கலாம் என்பது முதல் எண்ணம்.

குரங்குகள் சாகின்றன என்ற செய்தி கேட்டதும் புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் பெரும் கவலை பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952இல் தொடங்கிய நிறுவனம் அது. இன்றைய தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் தாய். தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகள் சாவது மஞ்சள் காய்ச்சலின் முன்னறிவிப்பு. இந்தியாவில் அந்த நோய் இல்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ ஊர்தோறும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சத்தோடுதான் டெல்ஃபோர்டு வொர்க், ஹரால்டு டிராபிடோ ஆகியோரின் குழு கர்நாடகக் காட்டுக்குள் போனது.

அங்கே கிடைத்தது வேறொரு வைரஸ். இறந்த குரங்குகளிலும் காய்ச்சல் கண்ட மனிதர்களின் இரத்தத்திலும் ஒரே வைரஸ் இருந்தது. கொசுவில் தேடியவர்களுக்கு அது உண்ணியில் அகப்பட்டது. ரஷ்யக் காடுகளில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு அது நெருங்கிய உறவு. குரங்கு கிடந்த கியாசனூர்க் காட்டின் பெயரே நோய்க்கும் நிலைத்தது. கன்னட ஊர்களில் அது 'மங்கன காயிலெ', தமிழில் குரங்குக் காய்ச்சல். 2022இல் உலகம் முழுக்கப் பேசப்பட்ட குரங்கு அம்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது வேறு குடும்பத்து வைரஸ்.

அந்தக் காட்டு ஆய்வில் உழைத்த பூச்சியியலர்களுள் ஒருவர் பி.கே.ராஜகோபாலன். பின்னாளில் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்துக்கு இயக்குநராக இருந்தார். அந்தத் தலைமுறை ஆய்வாளர்கள் உண்ணி பொறுக்கிக்கொண்டு காட்டில் நடந்தார்கள், இறந்த குரங்கைக் கூறிட்டார்கள், நோயாளியின் வீட்டுத் திண்ணையில் இரத்தம் எடுத்தார்கள். களத்திலும் ஆய்வகத்திலும் பலருக்கு இதே காய்ச்சல் தொற்றியது. இன்று மிக உயர்ந்த பாதுகாப்பு வசதி உள்ள ஆய்வகத்தில் மட்டுமே இந்த வைரஸை வளர்க்க வேண்டும் என்ற விதி இருப்பதற்கு அவர்களுடைய நோயும் ஒரு காரணம்.

நோயின் சுற்று இப்படி. உண்ணிக்கு மூன்று பருவங்கள் உண்டு. முதிர்ந்த உண்ணி மாடு போன்ற பெரிய விலங்குகளில் இரத்தம் குடிக்கும். குஞ்சுகளும் இளம் உண்ணிகளும் எலி, மூஞ்சூறு, பறவை, குரங்கு ஆகியவற்றில் ஒட்டும். மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இளம் உண்ணி. அது பெருகும் காலம் பனிக்காலத் தொடக்கத்திலிருந்து கோடை வரை. காய்ச்சலும் டிசம்பர் முதல் மே வரை கூடுதலாக இருக்கும். நோய் கண்ட குரங்கு செத்து விழுந்தால் அதன் மேலிருந்த உண்ணிகள் உடம்பு குளிர்ந்ததும் இறங்கி, சருகில் காத்திருக்கும். அந்த இடத்தைக் கடந்துபோகும் மனிதர் அடுத்த இரை. வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. நோயாளியைத் தொட்டதால் யாருக்கும் வராது. அவரை ஒதுக்கிவைக்க எந்த நியாயமும் கிடையாது.

காடு ஏன் திடீரென்று நோய் கக்கியது என்று கேட்டவர் கொலம்பிய நாட்டு அறிஞர் ஹோர்ஹே போஷெல். 1969இல் வெளியான அவருடைய கட்டுரை, ஊர் பெருகியதையும் காடு வெட்டப்பட்டதையும் மாடுகள் காட்டுக்குள் மேய்ந்ததையும் நோயோடு சேர்த்துப் பார்த்தது. மாடு உண்ணியைப் பெருக்கியது. வெட்டிய இடத்தில் முளைத்த புதர் உண்ணிக்கு வீடானது. 1983இல் தென் கன்னட மாவட்டத்து நிட்லெ பகுதியில் முந்திரி பயிரிடக் காடு அழிக்கப்பட்டபோது ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். சுமார் 150 பேர் இறந்தனர். இந்த நோயின் வரலாற்றில் ஒரே பருவத்தில் இவ்வளவு பெரிய சேதம் வேறில்லை.

2. பந்திப்பூரிலிருந்து முதுமலைக்கு

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குரங்குக் காய்ச்சலைக் கர்நாடகத்தின் சில மாவட்டங்களுக்கு உரிய நோய் என்றே மற்ற மாநிலங்கள் எண்ணியிருந்தன. 2012ஆம் ஆண்டின் இறுதியில் அந்த எண்ணம் உடைந்தது. சாமராஜநகர் மாவட்டத்துப் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் செத்துக் கிடந்தன. சுற்றுப்புறத் தூய்மைக்காகவும் புலி, சிறுத்தைகளின் நலனுக்காகவும் அவற்றைத் தூக்கி எரிக்க வேண்டியிருந்தது. தூக்கியவர்கள் காப்பகத்தின் கடைநிலைப் பணியாளர்கள். அவர்களில் சிலர் காய்ச்சலில் விழுந்தனர். புனே நிறுவனத்தில் சோதித்தபோது அது கியாசனூர் வைரஸ் என்று உறுதியானது.

பந்திப்பூரும் முதுமலையும் வயநாடும் வரைபடத்தில் மூன்று மாநிலங்கள், தரையில் ஒரே காடு. அந்தப் பருவத்திலேயே நீலகிரி மாவட்டத்திலும் வைரஸின் தடயம் கிடைத்தது. வயநாட்டின் நூல்புழைப் பகுதியில் 2013இல் மனிதருக்கு நோய் உறுதியானது. 2015இல் வயநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவிப் பதினொரு பேர் இறந்தனர். காட்டோடு வாழும் பழங்குடியினரும் காட்டு வேலைக்குப் போனவர்களுமே பெரும்பாலும் பாதிக்கப்பட்டார்கள். அதே 2015இல் கோவாவின் சத்தரி வட்டாரத்திலும், 2016இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் நோய் தலைகாட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரி, வயநாட்டிலிருந்து வடக்கே நெடுந்தூரம் வரை வைரஸ் இருக்கிறது என்பது மூன்று நான்கு ஆண்டுகளில் தெரிந்துபோயிற்று.

வைரஸ் அந்த ஆண்டுகளில்தான் நடந்து வந்ததா, முன்பே அங்கே இருந்து யாரும் தேடாததால் தெரியாமலிருந்ததா? 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் புனே நிறுவனத்தினர் இந்த வைரஸுக்கு மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையையும், எதிர்ப்புரதத்தைக் கண்டறியும் எலிசா சோதனையையும் உருவாக்கியிருந்தனர். அதற்கு முன்பு நோயாளியின் இரத்தத்தைச் சுண்டெலிக் குட்டிக்குச் செலுத்தி, அது சாகிறதா என்று நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். சோதனை எளிதானதும் நோயின் வரைபடம் விரிந்தது. நீலகிரியின் கூடலூர் மலைச்சரிவில் அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் 'விஷக்காய்ச்சல்' என்ற பெயரில் புதைக்கப்பட்டவர்களுக்கு என்ன வந்திருந்தது என்பதை இனி எந்தச் சோதனையாலும் அறிய முடியாது.

3. எந்த நாளில் எந்தச் சோதனை

பரிசோதனை என்றதும் இரத்தம் எடுத்தால் விடை வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். எந்த நாளில் எடுத்த இரத்தம் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

உண்ணி கடித்த மூன்று முதல் எட்டு நாளில் காய்ச்சல் தொடங்கும். முதல் வாரத்தில் வைரஸ் இரத்தத்தில் நிறைய இருக்கும், அப்போது பி.சி.ஆர். பிடித்துவிடும். ஐந்தாம் நாள் வாக்கில் உடல் ஐ.ஜி.எம். என்ற முதல் எதிர்ப்புரதத்தைச் சுரக்கத் தொடங்கும். அதிலிருந்து எலிசா பயன்படும். முதல் நாளே எலிசா செய்து 'இல்லை' என்று எழுதினால் அது பிழையான நிம்மதி. மூன்றாம் வாரத்தில் பி.சி.ஆர். செய்து 'இல்லை' என்றாலும் அப்படியே. நோய்க்கு ஒரு வஞ்சகமும் உண்டு. காய்ச்சல் தணிந்து ஆள் எழுந்து நடமாடிய பிறகு, பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இரண்டாவது சுற்றாக மீண்டும் காய்ச்சல் வரும். அப்போது மூளை பாதிக்கப்பட்டு, குழப்பமும் நடுக்கமும் தோன்றலாம். நூறு நோயாளிகளில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை. நீர்ச்சத்தையும் இரத்தப்போக்கையும் கவனித்துக் காப்பாற்றும் சிகிச்சை உண்டு. அதற்கு நோயைத் தொடக்கத்திலேயே அறிய வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல். டெங்கு வைரஸும் கியாசனூர் வைரஸும் ஒரே குடும்பம். முன்பு டெங்கு வந்தவரின் இரத்தத்தில் உள்ள பழைய எதிர்ப்புரதம் இந்தச் சோதனையைக் குழப்பக்கூடும். காட்டோரத்தில் திடீர்க் காய்ச்சலுக்கு எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்று வேறு காரணங்களும் வரிசையாக நிற்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பல்லாண்டாக எழுதிவரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற நோயும் செடிகொடியில் வாழும் நுண்ணிய பூச்சியால் வருவதே; அதற்கு டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை இருக்கிறது. ஆகவே கூடலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ஒரு குழாய் இரத்தம் இந்த நோய்கள் அனைத்துக்கும் சேர்ந்து சோதிக்கப்பட்டால்தான் நோயாளிக்குப் பயன். ஆராய்ச்சியாளர் தேடும் ஒரு வைரஸுக்கு மட்டும் சோதித்து, 'இல்லை' என்று ஒரு வரி அனுப்புவதால் காய்ச்சல்காரருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

நலமாக இருப்பவர்களைச் சோதிக்கும்போது கணக்கு மேலும் கவனம் கேட்கிறது. ஆயிரம் வனப் பணியாளர்களில் உண்மையில் ஐந்து பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்றில்லாத நூறு பேரில் 98 பேருக்குச் சரியாக 'இல்லை' என்று காட்டும் நல்ல சோதனையையே பயன்படுத்தினாலும், மீதி 995 பேரில் இருபது பேருக்குத் தவறாக 'உண்டு' என்று வரும். உண்மையானவர் ஐவர், வீணாகக் கலங்குபவர் இருபதின்மர். அதனால்தான் முதல் சோதனையில் 'உண்டு' என்று வந்த இரத்தத்தை, வைரஸை முறியடிக்கும் ஆற்றல் அதற்கு இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டாவது சோதனையால் உறுதிசெய்யாமல் யாரிடமும் முடிவைச் சொல்லக் கூடாது.

இந்தக் குழப்பங்களில் பாதியைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. வேலையில் சேரும் நாளிலேயே சிறிதளவு இரத்தம் எடுத்து, அதன் தெளிநீரைக் குளிர்பதனத்தில் பத்திரப்படுத்துவது. பிறகு காய்ச்சல் வந்தால் பழைய மாதிரியையும் புதிய மாதிரியையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கலாம். பழையதில் இல்லாத எதிர்ப்புரதம் புதியதில் இருந்தால் தொற்று இப்போது வந்தது என்பது உறுதி. குரங்குகளை வைத்து ஆய்வு செய்யும் வெளிநாட்டு ஆய்வகங்களில் இது பழைய வழக்கம். காட்டில் குரங்கோடு பழகும் நம் பணியாளருக்கும் இது வழக்கமாக வேண்டும்.

4. கடியும் கீறலும்

உண்ணி இல்லாமல் நேரடியாகவும் குரங்கிடமிருந்து வைரஸ் வரும். அழகர்கோவில், பழனி, குற்றாலம், ஒகேனக்கல், கொடைக்கானல் என்று தமிழர் போகும் இடங்களில் எல்லாம் நாட்டுக் குரங்கு இருக்கிறது. சென்னையில் கிண்டித் தேசியப் பூங்காவிலும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் இருக்கிறது. வால்பாறையின் புதுத்தோட்டத்தில், அழிவின் விளிம்பிலுள்ள சிங்கவால் குரங்கே குடியிருப்புகளுக்குள் நுழைந்து சமையலறை வரை வருகிறது. பழம் நீட்டிய கையைக் கீறுவதும் பையைப் பறிக்கையில் கடிப்பதும் அன்றாடம்.

கடிபட்டவர் முதலில் நினைக்க வேண்டியது வெறிநோய். குரங்குக் கடிக்கும் அரசு மருத்துவமனையில் நாய்க்கடிக்குப் போடுவதே தடுப்பூசி. இங்கே பரிசோதனைக்காகக் காத்திருக்க இடமே இல்லை. உயிரோடிருக்கும் மனிதரிடம், அறிகுறி தோன்றும் முன், வெறிநோயைக் கண்டறியும் சோதனை கிடையாது. அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத செயல். புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போக வேண்டும்.

அடுத்தது பி வைரஸ். 1932இல் நியூயார்க்கில் வில்லியம் பிரெப்னர் என்ற இளம் மருத்துவ ஆய்வாளரை, நோயின் சாயலே இல்லாத செங்குரங்கு ஒன்று கையில் கடித்தது. சில நாளில் முடக்கம் கால்களிலிருந்து மேலேறி அவர் இறந்தார். அவருடைய திசுக்களை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்து கண்ட ஆல்பர்ட் சாபின். நாட்டுக் குரங்கும் செங்குரங்கும் அடங்கிய மக்காக் இனங்களில் இந்த வைரஸ், மனிதருக்கு உதட்டில் வரும் அக்கிக் கொப்புளம்போல், பெரிய துன்பமின்றி வாழ்நாள் முழுதும் தங்கும். மனிதருக்கு வருவது மிக மிக அரிது. உலகம் முழுவதும் பதிவானவை ஐம்பதைச் சுற்றியே. பெரும்பாலானவை ஆய்வகங்களில் நேர்ந்தவை. வந்துவிட்டால், மருந்தின்றி விட்டவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேர் இறக்கிறார்கள். 2024இல் ஹாங்காங்கின் காம்ஷான் பூங்காவில் காட்டுக் குரங்குகளால் காயமுற்ற ஒருவருக்கு இந்தத் தொற்று உறுதியானது. அந்நகரத்தில் அதுவே முதல் நிகழ்வு.

இவ்வளவு அரிதான ஒன்றுக்காக எல்லாக் கடிக்கும் சோதனை தேவையில்லை. கடித்த பின் சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் கொப்புளமோ மரமரப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவர் இப்பெயரை நினைவில் வைத்துச் சோதித்து, அக்கி வைரஸுக்கான மருந்தைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். சோதனைக்காகப் புண்ணில் பஞ்சு ஒற்றி எடுப்பதாக இருந்தாலும், கழுவுவதற்கு முன் எடுக்கக் கூடாது. வைரஸ் ஆழமாக உள்ளே தள்ளப்படலாம்.

மூன்றாவதாக ஒரு வைரஸ், இந்தத் துறையின் சிந்தனையையே மாற்றியது. குரங்குகளில் சர்வசாதாரணமாக உள்ள சிமியன் ஃபோமி வைரஸ் அது. நேத்தன் வுல்ஃபும் அவருடைய குழுவினரும் கேமரூன் நாட்டில் காட்டு விலங்குகளோடு தொடர்புள்ள 1,099 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2004இல் வெளியிட்டனர். பத்துப் பேரிடம் இந்த வைரஸுக்கான எதிர்ப்புரதம் இருந்தது. மறு ஆண்டு, இந்தோனேசியாவின் பாலித் தீவில் சங்கே குரங்குக் காட்டுக் கோயிலில் வேலை செய்வோரைச் சோதித்தபோது ஒருவரிடம் அத்தொற்று கண்டறியப்பட்டது. அந்தக் கோயில், குரங்குக்குப் பழம் கொடுக்கும் நம் மலைக்கோயில்களுக்கு மிக நெருங்கிய சூழல். இதுவரை இந்த வைரஸால் மனிதருக்கு நோய் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதும் இல்லை. ஆனாலும் குரங்கின் வைரஸ் மனித உடலில் குடியேறும் வழி நாள்தோறும் திறந்திருக்கிறது என்பதை இச்சோதனைகள் ஐயமின்றிக் காட்டிவிட்டன.

5. சென்னை, 1986

அவ்வழியில் வந்த வைரஸ்களில் ஒன்று உலகையே உலுக்கியது. எச்.ஐ.வி.யின் முன்னோடி தென்கிழக்குக் கேமரூனின் சிம்பன்சிகளிடம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வாக்கில், வேட்டையாடியோ இறைச்சி அறுத்தோ இரத்தம் பட்ட யாரோ ஒருவரிடம் அது தொற்றியது. 1981இல் எய்ட்ஸ் என்ற நோய் அறியப்படும் வரை அதைத் தேடிய ஆளில்லை.

இந்தியாவில் அதை முதலில் தேடியவர்கள் சென்னையில் இருந்தனர். மதராஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், இந்தியாவில் இந்நோய் இல்லை என்று பலர் நம்பிய காலத்தில், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இந்த ஆய்வை ஒப்படைத்தார். நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் 1986இல் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. நாட்டின் எய்ட்ஸ் தடுப்புப் பணி அந்த ஆறு மாதிரிகளிலிருந்து புறப்பட்டது. நோய் கண்ணில் படும் முன்பே தேடிப் போனதன் பலன் அது. தமிழ்நாட்டு அறிவியல் பெருமைப்பட வேண்டிய நாள்களில் அதுவும் ஒன்று.

அதே நிகழ்ச்சி கற்றுத்தரும் இன்னொரு பாடத்தையும் விட்டுவிடக் கூடாது. இரத்தம் கொடுத்த பெண்கள் காவலில் வைக்கப்பட்டிருந்தவர்கள். வேறு பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். அன்று அது இயல்பாகக் கருதப்பட்டது. இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்களின்படி, எதற்காக இரத்தம் எடுக்கிறோம், முடிவை யார் அறிவார்கள், மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் இரத்தம் கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் சொல்லி இசைவு பெற வேண்டும். காட்டுநாயக்கர், பணியர் ஆகிய பழங்குடியினரிடம் தமிழில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்குவது இசைவாகாது. அவர்கள் மொழி தெரிந்தவர் அவர்கள் ஊரில் உட்கார்ந்து பேச வேண்டும்.

காட்டோரத்து மக்களுக்கு அஞ்சுவதற்குக் காரணமும் இருக்கிறது. இரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று சொல்லித் தேன் எடுக்கப் போகாதே என்பார்களோ, காட்டைவிட்டு வெளியேற்றுவார்களோ, தற்காலிக வேலையை நிறுத்திவிடுவார்களோ என்று அவர்கள் கலங்குகிறார்கள். சோதனை முடிவு ஒருவருடைய வேலையையோ வன உரிமையையோ பறிக்கப் பயன்படாது என்று எழுத்தில் உறுதி கொடுக்காமல் ஊசியை எடுப்பது அநீதி. எடுத்த இரத்தத்தின் முடிவு இரண்டு ஆண்டு கழித்து ஆங்கிலச் சஞ்சிகையில் வந்து, கொடுத்தவர் காதுக்கு வராமலே போவதும் அநீதிதான்.

குரங்கின் பக்கமும் நியாயம் உண்டு. 2022இல் குரங்கு அம்மை பற்றிய பயத்தில் பிரேசில் நாட்டில் குரங்குகளுக்கு நஞ்சு வைத்தார்கள். கியாசனூர் வைரஸுக்கு மனிதரைப்போலவே குரங்கும் பலி. நமக்கு முன்பே அது சாவதால்தான் எச்சரிக்கை கிடைக்கிறது. குரங்கைக் கொன்றால் வைரஸ் போகாது. உண்ணியும் எலியும் காட்டில் இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும்.

6. செய்யக்கூடியவை

தேவையான கருவிகள் பெரும்பாலும் நம்மிடமே இருக்கின்றன. புனேயில் உயர்பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. கர்நாடகத்தில் சிவமொக்காவில் இந்நோய்க்கென்றே ஆய்வகம் நெடுங்காலமாக இயங்குகிறது. தமிழ்நாட்டில் 1899இல் தொடங்கிய கிண்டி கிங் நிலையம் இருக்கிறது. ஓசூரில் நோய்க்கடத்திகளையும் விலங்குவழி நோய்களையும் ஆராயும் அரசு நிறுவனம் இருக்கிறது. காசநோய்க்கும் கொரோனாவுக்கும் சிறு மருத்துவமனைகளில் பயன்பட்ட ட்ரூநாட் கருவியில் கியாசனூர் வைரஸைக் கண்டறியும் வழியும் உருவாக்கப்பட்டுள்ளது. கர்நாடகத்தில் போடப்பட்டுவந்த பழைய தடுப்பூசி போதிய பலன் தராததால் 2022இல் நிறுத்தப்பட்டது. புதியது உருவாகி வருகிறது. அது வரும்வரை, உண்ணி விரட்டும் எண்ணெயும், காட்டிலிருந்து திரும்பியதும் வெந்நீர்க் குளியலும், உடம்பைத் தடவிப் பார்த்து உண்ணி எடுப்பதும், காலம் தவறாத பரிசோதனையுமே பாதுகாப்பு.

முதலில், குரங்கு செத்துக் கிடந்தால் யாருக்குச் சொல்வது என்பது காட்டோரத்து ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெறுங்கையால் தொடக் கூடாது. அப்புறப்படுத்தப் போகும் பணியாளருக்குக் கையுறை, முழுக்கால் காலணி, உடலை மூடும் உடை வேண்டும். யார் யார் தூக்கினார்கள், யார் அந்த இடத்தில் நின்றார்கள் என்று அன்றே பெயர் எழுதி, இரண்டு வாரம் நாள்தோறும் கிராம சுகாதாரச் செவிலியர் விசாரிக்க வேண்டும். காய்ச்சல் என்றால் அன்றே இரத்தம். ஒரு வாரம் கழித்து இரண்டாம் மாதிரி. முடிவு சில நாளில் அவர் கையில் கிடைக்க வேண்டும். காய்ச்சலோடு படுத்த நாளுக்குத் தினக்கூலிப் பணியாளருக்கும் கூலி வேண்டும். கூலி போகும் என்றால் அவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார். அப்போது எந்த ஆய்வகமும் உதவாது. குரங்கையும் பிற காட்டுயிர்களையும் கையாள்வோர் அனைவருக்கும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுவிடலாம். சில தவணை ஊசிதான்.

2021இல் வண்டலூர் விலங்குக் காட்சிச்சாலையில் கொரோனாவால் சிங்கம் இறந்தபோது, முதுமலைத் தெப்பக்காடு முகாமின் யானைகளிடமிருந்து உடனே மாதிரிகள் எடுக்கப்பட்டு ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த முகாமில் அரசு இயந்திரம் அவ்வளவு விரைந்து இயங்க முடிந்தது. அந்த விரைவு, யானையின் பக்கத்தில் நிற்கும் பாகனுக்கும், குரங்கைத் தூக்கும் காவலருக்கும் ஒவ்வொரு பனிக்காலத்திலும் கிடைக்க வேண்டும்.

நூம்பலிலிருந்து சிறிது தூரத்தில் பூந்தமல்லியில் பொதுச் சுகாதார நிறுவனம் இருக்கிறது. சுகாதார ஆய்வாளர்களும் செவிலியர்களும் மருத்துவ அலுவலர்களும் அங்கே பயிற்சி பெற்று மாநிலத்தின் எல்லா மூலைக்கும் போகிறார்கள். அவர்களில் சிலர் கூடலூருக்கும் பந்தலூருக்கும் மசினகுடிக்கும் போவார்கள். அவர்களிடமும் இப்பகுதி மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். காய்ச்சலோடு வருபவரின் சீட்டில், வயதுக்கும் எடைக்கும் கீழே, கடந்த இரண்டு வாரத்தில் காட்டுக்குப் போனாரா, உண்ணியோ குரங்கோ கடித்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். விடை 'ஆம்' என்றால் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று குறித்து இரத்தம் அனுப்புங்கள். முடிவு வந்ததும், அது எதுவாக இருந்தாலும், இரத்தம் கொடுத்தவரை நேரில் கண்டு சொல்லுங்கள்.